மூன்றாம் எண் வாக்காளர்

டெல்பர்ட் ஸாஸ்ட்ரோ எதையும் முடிவெடுக்கத் தயங்கிய மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் அவர் முகத்துக்குக் கீழே 'முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் விஸ்கான்சின் முதியவர்' என்று எழுத்துப் போட்டுக் காட்டினார்கள். போட்டவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. முப்பத்தாறு வருஷம் லிட்டில் ஹெரன் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் அவர். ஏழு மணி வண்டி என்றால் ஆறு ஐம்பதுக்கே வந்து உறுமிக்கொண்டு நிற்கும். கிறிஸ்துமஸ் விளக்குகளை அக்டோபரிலேயே கட்டிவிடுவார். உணவகத்தில் அவர் பட்டியல் அட்டையைத் திறந்து பார்த்ததாக ஊரில் ஒருவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். 'பொரிச்ச மீன்' என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியை இழுப்பார். இப்போது எழுபத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இந்த அவசரம்தான் காரணம்.

இருபத்திரண்டு வயதில் ரோவீன் என்ற பெண்ணை இரண்டாவது முறையாக வெளியே சாப்பிட அழைத்துப் போனார். மேசைக்கு சூப் வருவதற்குள், "நான் முடிவு பண்ணிட்டேன். கல்யாணத்த ஜூன்ல வச்சுக்கலாம்" என்றார். அந்தப் பெண் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். சமையலறை வழியாக வெளியேறி, அப்பாவை வரவழைத்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது டெல்பர்ட்டுக்கு இரண்டு சூப்பையும் குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் ஒரு பாடம் படித்துக்கொண்டார். முடிவெடுப்பதில் தப்பில்லை, அதை வாய் விட்டுச் சொன்னால்தான் ஆள் போய்விடுகிறது.

இந்தப் பாடத்துக்கு அரசியலில் வேலை வரும் என்று அவர் நினைத்ததில்லை. எங்கள் ஊரில் இருப்பது இரண்டே கட்சி, யானைக் கட்சி, கழுதைக் கட்சி. சின்னத்தைத்தான் சொல்கிறேன், குணத்தை அல்ல. டெல்பர்ட் பிறந்ததிலிருந்தே கழுதைக் கட்சி. அவர் அப்பா, அவருடைய அப்பா எல்லாரும் அப்படியே. ஆறு வருஷத்துக்கு முன்னால் கழுதைக் கட்சியிலிருந்து ஒரு அம்மாள் தாள் கற்றையோடு வீடு வீடாக வந்தார். டெல்பர்ட் கதவைத் திறந்து, "நான் உங்க ஆளுதாங்க, பரம்பரையா" என்றார். அந்த அம்மாள் தாளில் என்னவோ சுழித்துவிட்டு, "ரொம்ப நன்றி" என்று படியிறங்கிப் போய்விட்டார். டெல்பர்ட் காப்பி போடலாம் என்று வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை.

விஷயத்தை விளக்கியவர் எல்ராய். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், டெல்பர்ட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர், ஊர் வம்புக்கெல்லாம் தலைமை அலுவலகம்.

"ஏன்டா டெல்பர்ட், அவங்ககிட்டப் போயி உண்மையச் சொல்லுவாங்களாடா? அந்தத் தாள்ல நம்பர் போடுவாங்க. ஒன்னுன்னா நம்ம ஆளு. அஞ்சுன்னா எதிராளி. ரெண்டு பேர் வீட்டுக்கும் மறுபடி வர மாட்டாங்க, வந்து என்ன பிரயோசனம்? நடுவுல மூணு இருக்கு பாரு, முடிவெடுக்காதவன். அவனுக்குத்தான்டா ராஜ மரியாதை. அவனத்தான் வாரா வாரம் வந்து தாங்குவாங்க."

டெல்பர்ட் இதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டார். நாலு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யானைக் கட்சித் தாள் கற்றையோடு ஆர்டிஸ் க்வாம் வாசலில் வந்து நின்றார். ஆர்டிஸ் ஒரு விதவை. பல் டாக்டரிடம் முப்பது வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால், பதில் சொல்ல முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடம் மணிக்கணக்கில் பேசுவது அவருக்குக் கைவந்த கலை. டெல்பர்ட் அவரைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். ஆனால் பழைய சூப் நினைவுக்கு வந்தது.

"யாருக்குப் போடறதா இருக்கீங்க?" என்று ஆர்டிஸ் கேட்டார்.

"எனக்கு ஒன்னும் புரியலைங்க. குழப்பமா இருக்கு" என்றார் டெல்பர்ட்.

தாளில் மூன்று விழுந்தது. ஆர்டிஸ் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பனி அள்ளும் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகலாம், சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகலாம், தொலைந்த நாயைத் தேடிப் போகலாம். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று ஒருத்தர் சொன்னால், அவருக்கு ஏதோ வியாதி என்று நினைப்பார்கள். ஆக ஆர்டிஸ் வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் தேர்தல். தேர்தலோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், வந்தால் எட்டுச் செவ்வாய்க்கிழமை. மற்ற நாளில் தபால் நிலையத்தில் பார்த்தால் "குளிரு ஜாஸ்தி", "ஆமா, காத்தும் அடிக்குது" என்பதோடு சரி.

அந்த எட்டுச் செவ்வாய்க்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு ஆர்டிஸ் பரங்கிக்காய் கேக்கோடு வருவார். வரி, எல்லை, பால் விலை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார். டெல்பர்ட் மண்டையை ஆட்டுவார். சில சமயம் 'அது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு' என்பார். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக யாரையும் திட்ட மாட்டார்கள். நாலு மணிக்கு ஆர்டிஸ், "அப்ப, இன்னும் முடிவு பண்ணலையா?" என்பார். "நெருங்கிட்டேன்னு நினைக்கிறேன். ஆனா இன்னும் இல்ல" என்பார் டெல்பர்ட். கிளம்புகிறேன் என்று ஆர்டிஸ் சொல்லி, எழுந்து, கதவருகே நின்று பேசி, கார் அருகே நின்று பேசி, கார்க் கண்ணாடியை இறக்கிப் பேசிக் கிளம்ப ஐந்தாகிவிடும்.

இந்த வருஷம் ஜனாதிபதித் தேர்தல். யானைக்கு கவர்னர், கழுதைக்கு செனட்டர். டெல்பர்ட் செய்த ஒரே முட்டாள்தனம், தபால் வாக்குக்கு எழுதிப் போட்டது. நவம்பர் முதல் வாரத்தில் கண் அறுவைச் சிகிச்சை இருந்தது. செப்டம்பர் கடைசியில் வாக்குச்சீட்டு உறையில் வந்தது. தமக்கு வந்த உறையை மேசைமேல் ஒரு ராத்திரி கிடக்க விடும் பழக்கம் அவருக்கு ஏது? அன்றைக்கே செனட்டருக்குப் போட்டு, ஒட்டி, தபால் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தார். வந்த பிறகுதான் உறைத்தது. முடிவெடுத்தது மட்டுமல்ல, ஓட்டும் போட்டாகிவிட்டது. அதுவும் ஆர்டிஸின் கவர்னருக்கு எதிராக. அவருடைய கேக்கைத் தின்றுகொண்டே.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்டோபர் எட்டாம் தேதி ஆர்டிஸ் வந்தார். பதினைந்தாம் தேதி வந்தார், வரிச் சீர்திருத்தத்தைப் பற்றி இரண்டரை மணி நேரம் பேசினார். டெல்பர்ட் குற்ற உணர்ச்சியில் வழக்கத்தைவிட இரண்டு துண்டு அதிகமாகச் சாப்பிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் தொலைக்காட்சிக்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள். வேட்பாளர்கள் இருவரும் நேருக்கு நேர் விவாதிக்கப் போகிறார்கள், அதை முடிவெடுக்காத வாக்காளர்கள் ஏழு பேரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லப் போகிறோம், ஆளுக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை திருகும் ஒரு குமிழ் கொடுப்போம், பிடித்தால் கூட்டணும், பிடிக்காவிட்டால் குறைக்கணும், அது கோடாகத் திரையில் ஓடும், நாடே பார்க்கும் என்றாள் ஒரு பெண், காப்பிக் கடையில் வைத்து. "இந்த ஊரில் அப்படி யாராவது இருக்கிறார்களா?"

கடையில் இருந்த பதினொரு கைகளும் டெல்பர்ட்டைக் காட்டின. எல்ராய் இரண்டு கையாலும் காட்டினார்.

"இவன மாதிரி முடிவெடுக்காதவன் இந்த ஜில்லாவுலயே கிடையாதும்மா. நாலு வருஷமா எடுக்கல" என்றார் எல்ராய்.

மாட்டேன் என்று டெல்பர்ட் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன், முடிவெடுத்துவிட்டாயா என்று கேட்பார்கள். திருதிருவென்று முழித்துவிட்டு, "சரி, வேற ஆள் கிடைக்கலன்னா" என்றார். எங்கள் ஊரில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆர்டிஸிடம் சொன்னபோது, அவருக்குக் காப்பி புரையேறியது.

"அங்க போயே ஆகணுமா டெல்பர்ட்?"

"ஏங்க, போனா என்ன?"

"இல்ல, டிவி, லைட்டு, அவ்வளவு பேர் முன்னாடி. உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னு சொல்லிடலாமே."

தாம் அங்கே போய் மனசு மாறி முடிவெடுத்துவிடுவோமோ என்று ஆர்டிஸ் பயப்படுகிறார் என்று டெல்பர்ட் நினைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க. அவங்க என்ன பேசுனாலும் நான் அசைய மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். ஆர்டிஸ் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு நாலரைக்கே கிளம்பிப் போனார்.

விவாதம் வியாழக்கிழமை மாலை. நிகழ்ச்சியை, உருண்டையை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஊர் பௌலிங் அரங்கத்தில் வைத்தார்கள், ஊரில் பெரிய கூடம் அது ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே லீக் ஆட்டம் நடக்கும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கேட்காததை வலியப் போய்ச் சொல்வது எங்களுக்கு அநாகரிகம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து இறங்கியபோது, பதினெட்டுத் தடங்களில் பாதியில் ஆட்டம் களைகட்டிக்கொண்டிருந்தது. வாஷிங்டனிலிருந்து வந்திருந்த நிகழ்ச்சி நடத்துநர் கார்வர், அரங்கத்தின் சொந்தக்காரர் ஷெல்டனிடம் போய், "ஐயா, நாட்டோட தலைவர் யாருங்கற கேள்வி இது. ஒரு நாளைக்கு ஆட்டத்த நிறுத்த முடியாதா?" என்று கேட்டார்.

"தாராளமா. நீங்களே போயி அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார் ஷெல்டன்.

கார்வர் திரும்பி அவர்களைப் பார்த்தார். எல்லாரும் கையில் ஆறேழு கிலோ உருண்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வாசலில் ஒரு படிவம் நீட்டினார்கள். 'நான் இந்தத் தேர்தலில் இதுவரை வாக்களிக்கவில்லை' என்று அச்சடித்திருந்தது, கீழே கையெழுத்து. டெல்பர்ட் அதை இரண்டு முறை படித்தார். நிதானமாக யோசித்துச் சொல்லலாம் என்றால் பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். நமக்காக அவர்கள் காத்திருப்பதா? நாலு பேரைக் காக்கவைப்பதைவிடப் பொய்க் கையெழுத்து மேல் என்று நினைக்கும் மனிதர்கள் உலகத்தில் எங்கள் ஊரில் மட்டும்தான் இருப்பார்கள். டெல்பர்ட் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை. அது ஒரு ஆறுதல்.

ஏழு பேரையும் பெரிய திரைக்கு முன்னால் அரை வட்டமாக உட்காரவைத்தார்கள். டெல்பர்ட்டின் நாற்காலிக்கு நேரே, திரைக்கும் சுவருக்கும் நடுவில், பதினாலாம் தடம் தெளிவாகத் தெரிந்தது. அதில் எல்ராய் ஆடிக்கொண்டிருந்தார்.

விவாதம் தொடங்கியது. டெல்பர்ட் குமிழை ஐம்பதுக்குக் கீழே இறக்கவே இல்லை. வேட்பாளர் விவாதத்துக்கு அவ்வளவு தூரம் வந்து, டை கட்டிக்கொண்டு, நின்றுகொண்டே பேசுகிறார். முகத்துக்கு நேரே குறைப்பதா? கவர்னர் பேசினால் ஐம்பத்தைந்து, செனட்டர் பேசினால் ஐம்பத்தைந்து. செனட்டர் இருமியபோது மட்டும், பாவம், அறுபது. டெல்பர்ட்டுக்கு இடது பக்கம் இருந்த வெர்லா, பூக்கடை வைத்திருப்பவர், அந்தக் குமிழ் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு என்று எண்ணிக்கொண்டிருந்தார். செனட்டர் குரலை உயர்த்தும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு குறைத்தார். குறையவில்லை. இன்னும் குறைத்தார். "என்ன சாமான் குடுத்திருக்காங்க, வேலையே செய்யல" என்று டெல்பர்ட்டிடம் கிசுகிசுத்தார். வலது பக்கம் இருந்த பண்ணைக்காரர் மில்டன் விடியற்காலை நாலு மணிக்கு மாடு கறக்க எழுந்தவர். கல்வி பற்றிய முதல் கேள்வியிலேயே தூங்கிப்போனார். கட்டை விரல் எழுபத்திரண்டில் நின்றுவிட்டது.

வாஷிங்டனில் இதையெல்லாம் அலசுவதற்கு நாலு நிபுணர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செனட்டரின் ஆவேசத்தை விஸ்கான்சின் பெண்கள் ரசிக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். பண்ணை மக்களின் ஆதரவு பாறை போல உறுதியாக இருப்பதாக இன்னொருவர் சொன்னார். அது மில்டனின் தூக்கம்.

கவர்னர் முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றி ஆரம்பித்தபோது, எல்ராய் உருண்டையை விட்டார். பத்துக் கட்டையும் ஒரே உருட்டலில் சாய்ந்தன, ஸ்ட்ரைக். எல்ராயின் வாழ்க்கையில் அது மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். டெல்பர்ட்டின் கை தன்னால் அறுபத்தைந்துக்குப் போனது. கவர்னர் இரண்டாவது அம்சத்துக்கு வந்தார். எல்ராய் மறுபடி உருட்டினார். மறுபடி பத்தும் சாய்ந்தன. இந்த முறை ஏழு பேரில் நாலு பேர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டார்கள், கோடு எண்பதுக்கு ஏறியது. கவர்னர், "ஆகவே, என் மூன்றாவது திட்டம்" என்றார். எல்ராய் உருண்டையைத் துடைத்து, காலை மாற்றி வைத்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு உருட்டினார். அது நேராகவே போகவில்லை, ஓரம் போய், மனசு மாறித் திரும்பி வந்து அடித்தது. ஒன்பது விழுந்தது. பத்தாவது ஆடியது, யோசித்தது, படுத்தது. டெல்பர்ட் குமிழை நூறுக்கு முறுக்கி, அதற்கு மேலும் முறுக்கப் பார்த்தார்.

இந்தத் தேர்தலின் திருப்புமுனை அந்த ஓய்வூதியத் திட்டம்தான் என்று வாஷிங்டன் நிபுணர்கள் ஏகமனதாக அறிவித்தார்கள். செனட்டரின் ஆட்கள் அதைவிடப் பெரிய ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததாகக் கேள்வி.

விவாதம் முடிந்தது. கார்வர் ஒலிவாங்கியோடு வந்து, நேரலையில், "இப்ப முடிவெடுத்துட்டவங்க கை தூக்குங்க" என்றார். யார் முதலில் தூக்குவது என்று கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் வெர்லா தூக்கினார். வீட்டுக்குப் போனால் போதும் என்று மற்றவர்களும் தூக்கினார்கள். மில்டனை யாரோ தட்டி எழுப்ப, கேள்வி தெரியாமலே அவரும் தூக்கினார். டெல்பர்ட்டின் கை மட்டும் மடியில் இருந்தது. காமிரா அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"நீங்கதானே நூறுக்கு ஏத்துனது? ஓய்வூதியத் திட்டத்துல எது உங்களத் தொட்டுச்சு?" என்று கார்வர் கேட்டார்.

"ஓய்வூதியமா? இல்லைங்க. எல்ராய் தொடர்ந்து மூணு தடவ பத்தையும் சாய்ச்சான். ஐம்பது வருஷமா ஆடறான், இப்படித் தொடர்ந்து சாய்ச்சதே இல்ல."

கார்வரின் முகத்தில் ஈயாடவில்லை. தொழில் தெரிந்த மனிதர், சுதாரித்துக்கொண்டார். "சரி. நீங்க மட்டும் ஏன் இன்னும் முடிவெடுக்கல? உங்களத் தடுக்கறது என்ன?"

யானைக் கட்சி அலுவலகத்தில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆர்டிஸும் இருப்பார். டெல்பர்ட்டுக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொய்க் கையெழுத்து ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு பொய்யை, அதுவும் ஆர்டிஸ் பார்க்கும்போது, அவரால் சொல்ல முடியவில்லை.

"நான் முடிவெடுத்து மாசக்கணக்காச்சுங்க. ஓட்டும் தபால்ல போட்டுட்டேன்" என்றார்.

"ஓட்டுப் போட்டாச்சா? அப்ப இங்க ஏன் சார் உக்காந்திருக்கீங்க?"

"கூப்பிட்டாங்க."

"முடிவெடுக்கலன்னு ஏன் சொன்னீங்க?"

"எடுத்துட்டேன்னு சொன்னா செவ்வாய்க்கிழமை ஆள் வராதுங்க."

"எந்த ஆள்?"

"அதச் சொன்னா நல்லா இருக்காது."

பதினெட்டுத் தடங்களிலும் ஒரு உருண்டைகூட உருளவில்லை. அந்த அமைதியில் பதினாலாம் தடத்திலிருந்து எல்ராயின் குரல் கணீரென்று வந்தது.

"ஆர்டிஸ் க்வாமைச் சொல்றான்."

குமிழ்களை இன்னும் யாரும் திரும்ப வாங்கவில்லை. வெர்லா, இது சரியாகக் கேட்க வேண்டும் என்று, தம் குமிழை முழுக்கக் கூட்டினார். மில்டன் கூட்டினார். ஒருவர் விடாமல் கூட்டினார்கள். கோடு திரையின் உச்சியில் போய் இடித்துக்கொண்டு நின்றது. அன்றைய விவாதத்தில் அதிகபட்ச ஆதரவு பெற்றவர் வேட்பாளர்கள் இருவரும் அல்ல, டெல்பர்ட் ஸாஸ்ட்ரோதான்.

அந்தப் பெருமையெல்லாம் டெல்பர்ட்டுக்கு எதற்கு? வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போனார், ஊரே தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொண்டது. எல்ராய் மட்டும் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நாட்டுக்கே தெரிஞ்சு போச்சுடா. என் மூணு ஸ்ட்ரைக்கும் டிவில வந்துச்சு."

"நீ ஏன்டா பேரைச் சொன்ன?"

"நீ சொல்லுவேன்னு இன்னொரு நாலு வருஷம் காத்திருக்கச் சொல்றியா? எனக்கு மூட்டு வலிடா."

"அவங்க வர மாட்டாங்க எல்ராய். எப்படி வருவாங்க? அவங்க கேக்கைத் தின்னுட்டு அவங்க ஆளுக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்கேன். பொய் சொல்லி உக்காரவச்சிருக்கேன். ஊர் சிரிக்க வச்சிட்டேன்."

எல்ராய் தம் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து டெல்பர்ட் தட்டில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. டெல்பர்ட் பதினொரு மணிக்கே காப்பி போட்டார், கசந்துபோய்க் கொட்டிவிட்டு ஒரு மணிக்கு மறுபடி போட்டார். இரண்டு மணிக்கு ஜன்னலருகே நின்றார். தெருவில் தபால் வண்டி போயிற்று. இரண்டே காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டரைக்கு, தாம் எதிர்பார்த்ததுதானே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுந்து, மேசைமேல் வைத்திருந்த இரண்டாவது கோப்பையை அலமாரிக்குள் திரும்ப வைத்தார். நெஞ்சு வலித்தது. ரோவீன் போனபோது இப்படி வலிக்கவில்லை.

இரண்டே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது.

ஆர்டிஸ் நின்றிருந்தார். கையில் கேக் இல்லை, தாள் கற்றை இல்லை, ஒன்றுமில்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மேல்கோட்டுப் பைகளுக்குள் விட்டிருந்தார்.

"குளிரு ஜாஸ்தி" என்றார்.

"ஆமா, காத்தும் அடிக்குது" என்றார் டெல்பர்ட்.

"சனிக்கிழமை பனி விழும்ங்கறாங்க."

"விழும். வாசனையே வருது."

இப்படியே பத்து நிமிஷம் போயிற்று. யாரும் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. கடைசியில் டெல்பர்ட்தான் ஆரம்பித்தார்.

"ஆர்டிஸ், மன்னிச்சிருங்க. ஓட்டு விஷயத்த உங்ககிட்ட நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க டிவியப் பார்த்துத் தெரிஞ்சுக்கற மாதிரி ஆயிடுச்சு."

"டிவியப் பார்த்து இல்ல டெல்பர்ட்."

"எல்ராய் சொன்னானா?"

"யாரும் சொல்லல. தபால்ல போட்டவங்க கவர் தேர்தல் கிளார்க் ஆபீசுக்கு வந்து சேர்ந்த உடனே, போட்டாச்சுன்னு பதிவாகி எங்களுக்கு லிஸ்ட் வந்துரும். அந்தப் பேரெல்லாம் அடிச்சிருவாங்க. அங்க மறுபடி போயி நேரத்த வீணாக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க. உங்க பேர அக்டோபர் மூணாந்தேதியே அடிச்சாச்சு. அதான் டிவிக்குப் போகாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், மாட்டிக்குவீங்களேன்னு."

டெல்பர்ட் கதவைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார். அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எட்டாந்தேதி வந்தீங்களே."

"வந்தேன்."

"பதினஞ்சாந்தேதியும் வந்தீங்க. ரெண்டரை மணி நேரம் வரியப் பத்திப் பேசினீங்க."

"பேசினேன்."

"போன செவ்வாயும் வந்தீங்க."

ஆர்டிஸ் கைகளைப் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார். கன்னம் சிவந்திருந்தது, குளிரினால் அல்ல.

"லிஸ்ட்லயே இல்லாத ஆள்கிட்ட வந்து எதுக்குங்க வரியப் பத்திப் பேசினீங்க?" என்றார் டெல்பர்ட்.

"வேற என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல டெல்பர்ட்" என்றார் ஆர்டிஸ்.